பிஸ்கட்டின் ஐந்தாவது கால்

நெல்டா கோவாச்சின் அப்பா எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். புத்தகம், தொப்பி, சட்டை, கை முறிந்தவர்களின் மாவுக்கட்டு, எதுவானாலும் சரி. போன வருடம் ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டுவதற்காகத் தன் பீட்ஸா பெட்டியை அப்பாவின் மேசைமேல் வைத்தார். அவர் கட்டிவிட்டு நிமிர்வதற்குள் பெட்டியின் மூடியில் 'அன்புடன், லாரி கோவாச்' என்று எழுதியிருந்தது.

அதனால்தான் டொலிடோ நகரத்துக் காமிக்ஸ் சந்தைக்கு அப்பா கிளம்பும்போதெல்லாம் நெல்டாவும் கூடப் போவாள். அவளுக்குப் பத்து வயது.

"அப்பாவைப் பத்திரமாப் பார்த்துக்கோ" என்று அம்மா அவளிடம் சொல்லி அனுப்புவாள். மற்ற வீடுகளில் இதை அப்பாவிடம் சொல்வார்கள். கோவாச் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. 'புயல்மேரி' காமிக்ஸைப் பதினோரு வருடம் வரைந்தவர். ஈரி ஏரியில் புயல் அடித்தால் கப்பல்களைக் காப்பாற்ற ஓடி வருவாளே, அந்தப் புயல்மேரிதான். அவளோடு பிஸ்கட் என்று ஒரு நாயும் வரும். ஊரில் பாதிப் பேருக்கு மேரியைவிட நாயைத்தான் பிடிக்கும்.

அப்பா வரைந்த அசல் பக்கங்கள் சில மேசைமேல் ஒரு பெரிய உறையில் இருந்தன. அசல் பக்கம் என்பது அச்சில் வருவதைவிட ஒன்றரை மடங்கு பெரிது. தடித்த அட்டையில் கறுப்பு மையால் வரைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் மைக்கு அடியில் பென்சில் கோடுகள் தெரியும். தப்பை மறைக்கப் பூசிய வெள்ளைப் பெயின்ட் தெரியும். ஒரு பக்கத்தில் அப்பாவின் காப்பிக் கோப்பை வட்டமாக முத்திரை வைத்திருக்கும். உலகத்தில் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான் என்பதால், அதைச் சேகரிப்பதற்கென்றே அலைகிற ஆட்கள் உண்டு.

அந்தச் சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குப் பசி வந்துவிட்டது.

"நெல்டா, நான் போய் ஒரு ஹாட் டாக் சாப்பிட்டுட்டு வந்துடறேன். யாராவது வந்தா உட்கார வை. நான் வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

"என்னன்னு பார்த்துட்டுப் போடுங்கப்பா."

"பார்க்காம எப்போ போட்டிருக்கேன்?" என்றார் அப்பா.

நெல்டா பீட்ஸா பெட்டியை ஞாபகப்படுத்தவில்லை. அந்த அளவுக்கு நல்ல பெண் அவள்.

பக்கத்து மேசையில் யோலாண்டா ப்ரைஸ் இருந்தாள். அவளும் ஓவியர்தான். முதல் புத்தகம் இப்போதுதான் வந்திருந்தது. சந்தையில் மேசை போடுவது அவளுக்கு இதுதான் முதல் முறை. காலையிலிருந்து அவளிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வந்தார்கள்.

யோலாண்டா இடது கைக்காரி. வரையும்போது அவள் முழங்கை மேசை எல்லையைத் தாண்டி நெல்டாவின் பக்கம் வந்துவிடும்.

"மன்னிச்சுக்கோடா செல்லம். மறுபடி உன் நாட்டுக்குள்ள வந்துட்டேனா?"

"வரி கட்டணும்க்கா" என்றாள் நெல்டா.

யோலாண்டா வரியாக ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாள். காலையிலிருந்து நல்ல வசூல்.

அப்போதுதான் வாட்டசாட்டமான ஒருவர் வந்தார். கதவு அளவுக்கு அகலம். குழாய் ரிப்பேர் கம்பெனியின் பெயர் போட்ட சட்டை. கையில் எதையோ கம்பளியில் சுற்றி, தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார்.

"கோவாச் சார் இல்லையாம்மா?"

"சாப்பிடப் போயிருக்காரு. இப்போ வந்துடுவாரு. உட்காருங்க சார்."

"என் பேரு ஆர்வில் டிப்டன். நீ அவரோட பொண்ணா? அப்போ நீயே முதல்ல பாரு. ஆனா... கை சுத்தமா இருக்கா?"

நெல்டாவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. கை சுத்தமா என்று கேட்கிற ஆள்தான் நல்ல சேகரிப்பாளர். மிட்டாய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு கைகளையும் காட்டினாள்.

டிப்டன் கம்பளியை மெதுவாகப் பிரித்தார். உள்ளே கண்ணாடியில்லாத சட்டம் போட்ட ஒரு பக்கம் இருந்தது. கொட்டுகிற மழை. உடைந்த பாலம். மேரி ஆற்றுக்கு மேலே தொங்குகிறாள். பிஸ்கட் வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு பாலத்தின்மேல் பறந்து வருகிறது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் டிப்டன். "இருபது வருஷமா புத்தகங்களைச் சேர்க்கிறேன். அசல் பக்கம்னு கையில கிடைச்சது இதுதான் முதல். எங்க ஹால்ல ஒரு மான் தலை மாட்டியிருந்தேன். அதைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்கேன்னா பார்த்துக்கோயேன்! மூணு மணிக்கு மேடையில 'இதோ என் பக்கம்'னு ஒரு நிகழ்ச்சி இருக்கில்ல? வருஷா வருஷம் கீழ உட்கார்ந்து கை தட்டுவேன். இந்த வருஷம் நான் மேல ஏறப் போறேன். உங்கப்பா கையெழுத்து ஒண்ணு விழுந்துட்டா போதும்."

நெல்டா பிஸ்கட்டின் கால்களை எண்ணினாள். நாலு. மறுபடியும் எண்ணினாள். அப்போதும் நாலுதான்.

இந்தப் பக்கத்தில் நாலு இருக்கக் கூடாது.

இந்தப் பக்கத்தின் கதை அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் அப்பா இதைச் சொல்லாமல் விடமாட்டார். இந்தப் பக்கத்தை வரைந்தபோது, பிஸ்கட்டின் முன்னங்காலை முதலில் ஒரு மாதிரி போட்டார். பிடிக்கவில்லை. வேறு மாதிரி போட்டார். முதலில் போட்டதை அழிக்க மறந்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் மை போட்டு அனுப்பியும்விட்டார். மறுநாள் காமிக்ஸின் பதிப்பாசிரியர் போனில் கத்தினாராம்.

"லாரி, இது நாயா, பூச்சியா?"

"பூச்சிக்கு ஆறு கால் வேணுமே சார்" என்றாராம் அப்பா.

அச்சடிக்கிற இடத்தில் கம்ப்யூட்டரில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதனால் புத்தகத்தில் பிஸ்கட்டுக்கு நாலு கால். ஆனால் கம்ப்யூட்டரில் அழித்தால் அட்டையில் இருப்பது போகுமா? அசல் பக்கம் ஐந்து காலோடுதான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த மாதம் வாடகைக்குத் தட்டுப்பாடு என்று அப்பா அதை யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது.

ஒருவேளை வாங்கியவர் ஐந்தாவது காலை வெள்ளைப் பெயின்ட்டால் மறைத்திருப்பாரோ? நெல்டா சட்டத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளைப் பெயின்ட் இருந்தால் மேடு தெரியும். ஒரு மேடும் இல்லை. இந்த நாய்க்கு ஐந்தாவது கால் இருந்ததே இல்லை. யாரோ புத்தகத்தைப் பார்த்து வரைந்த பக்கம் இது.

மண்டபத்தின் அந்தக் கோடியில் அப்பாவின் தலை தெரிந்தது. சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வழியில் யாரோ ஒரு குழந்தையின் பலூனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா வந்தால் பேனாவைத் திறப்பார், போட்டுவிடுவார். அப்பா கையெழுத்து விழுந்துவிட்டால் இது அசல்தான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். டிப்டன் மேடையில் ஏறுவார். அந்தக் கூட்டத்தில் ஐந்து கால் கதை தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் கேட்பார். நெல்டாவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சும்மா இருந்தால் இப்போதைக்கு டிப்டன் சிரித்துக்கொண்டே இருப்பார். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அதுவும் இப்போதே.

"சார், மேசைக்கு இந்தப் பக்கம் வாங்களேன். என் பக்கத்துல உட்காருங்க."

டிப்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓவியரின் மேசைக்குப் பின்னால் உட்காரும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்தார். இனி முன்னால் நிற்பவர்களுக்கு அவர்கள் பேசுவது கேட்காது.

"நான் ஒண்ணு சொல்லப் போறேன் சார். கேட்டா உங்களுக்கு வருத்தமா இருக்கும். ஆனா மேடையில ஏறினப்புறம் தெரிஞ்சா இன்னும் வருத்தமா இருக்கும்" என்றாள் நெல்டா. பிறகு ஐந்து கால் கதையைத் தாழ்ந்த குரலில், ஒன்று விடாமல் சொன்னாள்.

டிப்டன் விரலால் கால்களை எண்ணிப் பார்த்தார்.

"நாய்க்கு நாலு கால் இருக்கிறது ஒரு தப்பாம்மா?"

"மத்த நாய்க்கெல்லாம் தப்பில்ல சார். இந்தப் பக்கத்துல இருக்கிற நாய்க்குத் தப்புதான்."

அவர் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு அந்த நாற்காலிக்குள் சின்னதாகிவிட்டது. நெல்டாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"என்னை யாரும் ஏமாத்தலைம்மா" என்றார் கடைசியில். "பழைய சாமானையெல்லாம் வீட்டு வாசல்ல போட்டு விப்பாங்களே, அங்கதான் வாங்கினேன். அஞ்சு டாலர். அந்தம்மா இது அசல்னு சொல்லவே இல்ல. நானா நினைச்சுக்கிட்டேன். 'பாவம், விலை தெரியாம விக்கிறாங்க'ன்னு வாயை மூடிக்கிட்டு, திரும்பக் கேட்டுடப் போறாங்களோன்னு வண்டியை விரட்டிக்கிட்டு வந்தேன். எனக்கு நல்லா வேணும்! இப்போ மான் தலையைத் திரும்ப மாட்டணும். அது சுவத்துலேருந்து இறங்கினதுல என் பொண்டாட்டி நிம்மதியா இருக்கா."

நெல்டா மறுபடியும் பக்கத்தைப் பார்த்தாள். போலி என்று தள்ளிவிட அவளுக்கு மனம் வரவில்லை. வரைந்த கை நல்ல கையாகத் தெரிந்தது. பிஸ்கட்டின் கண்ணில் பயமும் இருந்தது, 'விடமாட்டேன்' என்ற பிடிவாதமும் இருந்தது.

அப்பா வழக்கமாகக் கையெழுத்துப் போடும் கீழ் மூலை காலியாக இருந்தது.

"சார், இதை வரைஞ்சவங்க யாரையும் ஏமாத்த நினைக்கலை" என்றாள். "ஏமாத்த நினைச்சிருந்தா முதல்ல அப்பா கையெழுத்தைத்தானே போட்டிருப்பாங்க? யாரோ ஆசைப்பட்டு வரைஞ்சிருக்காங்க."

"ஆசைப்பட்டா? இத்தனை மழையையுமா?"

நெல்டா மழையைப் பார்த்தாள். அதில் ஏதோ வித்தியாசமாக இருந்தது. அப்பா வலது கைக்காரர். நிழலுக்குக் கோடு போட்டால், எல்லாக் கோடும் வலப்பக்கம் சாயும். அவர் மழையும் அப்படித்தான் பெய்யும். இந்தப் பக்கத்தில் மழையும் நிழலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. புத்தகத்தைப் பார்த்து வரைந்தவரின் கை அதன் போக்கில் போயிருக்கிறது.

"இடது கைக்காரங்க" என்று முணுமுணுத்தாள் நெல்டா.

சரியாக அந்த நேரத்தில் ஒரு முழங்கை அவள் மேசைக்குள் நுழைந்தது.

யோலாண்டா மும்முரமாக எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நெல்டா எட்டிப் பார்த்தாள். கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அதற்காக அவசரப்பட முடியுமா? உலகத்தில் இடது கைக்காரர்கள் எத்தனையோ பேர்.

"சார், எந்த வீட்டு வாசல்ல வாங்கினீங்க?"

"ஆத்துக்குக் கிழக்கால, பழைய கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பின்னாடி. பச்சைப் பெயின்ட் அடிச்ச வீடு. தோட்டம் பூரா பிளாஸ்டிக் கொக்கு நட்டு வச்சிருந்தாங்க."

முழங்கை சட்டென்று நின்றது.

"ரோஸ் கலர் கொக்கா?" என்று கேட்டாள் யோலாண்டா, தலையைத் திருப்பாமலே.

"ஆமாம்மா. ஒண்ணுக்குத் தலை இல்ல."

"அந்தத் தலையை உடைச்சது நான்தான். அது எங்கம்மா வீடு" என்றபடி யோலாண்டா திரும்பினாள். பக்கத்தைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த தூரிகை கீழே விழுந்து உருண்டு போயிற்று. அவள் அதை எடுக்கவில்லை.

"இது... தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சேன்" என்றாள்.

பதின்மூன்று வயதில், கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அவள் வரைந்த பக்கம் அது. பெரிய ஓவியர்கள் வரைகிற அளவில் தன்னால் வரைய முடியுமா என்று பார்க்க ஆசை. மழைக்கே ஒரு வாரம் ஆனதாம். நாயின் கண் சரியாக வந்த அன்றைக்கு, பெரியவளானால் இந்த வேலைதான் செய்வேன் என்று முடிவு செய்தாளாம். போன வசந்தத்தில் அம்மா வீட்டை ஒழித்தபோது மற்ற சாமான்களோடு இதுவும் போய்விட்டது.

டிப்டன் எழுந்து நின்றார். சட்டத்தை இரண்டு கைகளாலும் தூக்கி அவளிடம் நீட்டினார்.

"அப்போ இது உங்களுதும்மா. எடுத்துக்குங்க. அஞ்சு டாலரெல்லாம் வேணாம்."

யோலாண்டாவின் கை நீண்டது. பாதி வழியில் நின்றது. அவளுக்கு வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்குக் கொடுக்க மனமில்லை என்பதும் தெரிந்தது. இரண்டு நல்லவர்கள் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நின்றால் லேசில் முடியாது. நெல்டா நடுவில் புகுந்தாள்.

"டிப்டன் சார், நீங்க அசல் பக்கம் வேணும்னுதானே ஆசைப்பட்டீங்க? இது அசல்தான். எங்கப்பாவோட அசல் இல்ல. யோலாண்டா அக்காவோட அசல். இவங்க பெரிய அட்டையில வரைஞ்ச முதல் பக்கம். இது மாதிரி உலகத்துல இன்னொண்ணு கிடையாது. நீங்க தாராளமா மேடை ஏறலாம். சொல்ற பேரை மட்டும் மாத்திக்குங்க."

டிப்டன் அவளைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். நாற்காலிக்குள் சுருங்கியிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அகலத்துக்கு வந்தார்.

"ஆனா இவங்களுக்கு வேணுமே?"

யோலாண்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். "எங்கம்மா இதைத் தலையில்லாத கொக்குக்குப் பக்கத்துல வச்சு வித்திருக்காங்க. நீங்க மான் தலையையே கழட்டிட்டு மாட்டியிருக்கீங்க. நீங்களே வச்சுக்குங்க சார். பார்க்கணும்னு தோணினா உங்க வீட்டுக்கு வருவேன். காப்பி குடுத்தா போதும்."

"காப்பி என்ன, பீச் பழம் வச்ச இனிப்புப் பலகாரமே செஞ்சு குடுக்கச் சொல்றேன்!"

அப்போது அப்பா வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் கடுகுச் சாஸ் கறை. கையில் திறந்த பேனா.

"வாங்க வாங்க! எங்க போடணும்?"

"நீங்க போடக்கூடாது!" என்று நெல்டா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்பாவிடம் அப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை. அவர் திகைத்துப்போய் முதல் முறையாகக் காகிதத்தை ஒழுங்காகப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று நெல்டாவுக்குப் புரிந்தது. நாலுக்கு மேல் எண்ண முடியாததும் அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"யாரு வரைஞ்சது? இந்த மழை என் மழையைவிட நல்லாப் பெய்யுதே."

நெல்டா யோலாண்டாவைக் கை காட்டினாள். பேனாவை அவள் இடது கையில் வைத்தாள். காலியாக இருந்த கீழ் மூலையில் யோலாண்டா தன் பெயரை எழுதினாள்.

மூன்று மணிக்கு டிப்டன் மேடை ஏறினார். ஒலிபெருக்கியே தேவைப்படாத குரலில், நெல்டா கால் எண்ணிக் கண்டுபிடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். வண்டியை விரட்டிக்கொண்டு வந்ததைக்கூட மறைக்கவில்லை. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. "இது யோலாண்டா ப்ரைஸ் வரைஞ்ச முதல் பக்கம். அவங்க பக்கத்தை முதல் முதலா வாங்கின ஆளு நான்தான்!" என்று அவர் சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கியபோது, கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும் யோலாண்டாவின் மேசைமுன் வரிசை நின்றது. இப்போது யாரும் கழிப்பறைக்கு வழி கேட்கவில்லை. அவள் முழங்கை நெல்டாவின் நாட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. வரி கேட்க நெல்டாவுக்கு நேரம் இல்லை.

ஏனென்றால் அவள் எதிரிலும் ஒருவர் வந்து நின்றார். கையில் பெரிய தட்டையான உறை.

"அப்பா இதோ இருக்காரு சார். இப்பவே கையெழுத்துப் போட்டுடுவாரு" என்றாள் நெல்டா.

"அவர் அப்புறம் போடட்டும்" என்று அவர் உறையை அவள் முன்னால் வைத்தார். "முதல்ல நீ பாரும்மா."

நெல்டா கைகளைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.